கப்பல் கயிறும் கார்பட் றோட்டும்

எங்கள் றோட்டுக்குத் தார் ஊற்றி வழுவழுவென்று கார்பட் போட்டு முடித்த மறுநாள், நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதில் நடந்தேன். அழுக்காக்கிவிடுவேனோ என்ற மரியாதை. மனைவி கேற்றில் நின்று பார்த்துவிட்டு, "கோயிலுக்குள்ள கூட நீங்க இவ்வளவு பக்தியா நடந்ததில்ல" என்றாள். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் தார்ச்சூட்டில் உள்ளங்கால் வெந்து, வெட்டுக்கிளி போலத் துள்ளிக்கொண்டு ஓரத்து மணலுக்கு ஓடினேன். அந்த றோட்டுக்குப் பயந்து நான் ஓடிய முதல் ஓட்டம் அது. அதன் பிறகு ஓடிக்கொண்டேதான் இருக்கிறேன்.

அதற்கு முன் எங்களிடம் இருந்தது வெறும் கிரவல் பாதை. மீன் இறக்குகிற வாடியில் தொடங்கி, கடற்கரையை ஒட்டி, இரண்டு பக்கமும் வீடுகளை வைத்துக்கொண்டு, கற்பிட்டி மெயின் றோட்டில் போய் முட்டும். அதன் பள்ளங்களுக்குப் பெயர் இருந்தது. ஐஸ் லொறி படுத்த பள்ளம், மாப்பிள்ளை விழுந்த பள்ளம், மழைக்கு ஆமை வந்த பள்ளம். மீன் லொறி ஒன்று வாடியில் கிளம்பினால் முதலில் சத்தம் வரும், பிறகு புழுதி வரும், கடைசியாகத்தான் லொறி வரும். அதற்குள் ஒரு ஆள் றோட்டைக் கடந்து, மறந்துபோன தீப்பெட்டியை எடுக்கத் திரும்பி வந்து, மறுபடியும் கடந்து போய்விடலாம்.

அப்படிக் கடந்து கொண்டிருந்தவர்களில் ஒருத்தி என் அக்கா.

அக்காவுக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கல்யாணம் செய்யவில்லை. அம்மா அப்பா விட்டுப்போன வீட்டில், றோட்டுக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறாள். முற்றத்தில் கருவாடு போடுகிறாள். நேர் எதிரே, றோட்டுக்கு இந்தப் பக்கம் என் வீடு. வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் போட் எஞ்சின் திருத்துவது என் தொழில். மத்தியானம் மீனைப் புரட்டிப் போட்டுவிட்டு, ஒரு சட்டியில் கறியை மூடி எடுத்துக்கொண்டு அக்கா இந்தப் பக்கம் வருவாள். எங்களோடு சாப்பிடுவாள். பிறகு அவளும் என் மனைவியும் ரீவியில் சிங்கள நாடகம் பார்ப்பார்கள். என் மனைவிக்குச் சிங்களம் அரைகுறை, அக்காவுக்குச் சத்தமே இல்லை. ஆனால் எந்த மாமியார் விஷம் வைக்கப் போகிறாள் என்பது அக்காவுக்குத்தான் முதலில் தெரியும். கையால் என் மனைவிக்குச் சொல்லிவிடுவாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கொட்டிலில் எண்ணெய்க் கையோடு இருக்கிற எனக்கு அந்தச் சிரிப்புத்தான் மத்தியான மணி.

அக்காவின் கைப்பேச்சில் எங்கள் எல்லாருக்கும் பெயர் உண்டு. மனைவிக்குக் கொண்டை. கடைக்கார நானாவுக்குத் தாடி. எனக்கு, நெஞ்சுக்கு முன்னால் ஐந்து விரலையும் வலையில் விழுந்த மீன் மாதிரித் துடிக்க விடுவது. சின்ன வயதில் இடி முழங்கினால் நான் அவளுடைய பாவாடைக்குள் ஒளிந்துகொள்வேனாம். இடியே கேட்காதவளிடம் போய் ஒளிந்த மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அவளுக்குக் காது காலில் இருந்தது. கிரவல் பாதையில் லொறி பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது நிலம் அதிரும். கேற்றடியில் செருப்பைக் கழற்றி, வெறுங்காலை மண்ணில் வைத்து, ஒரு மூச்சு நேரம் நிற்பாள். தூரத்துப் புழுதியைப் பார்ப்பாள். பிறகு கடப்பாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இத்தனை வருசத்தில் ஒரு சைக்கிள்கூட அவளில் முட்டியதில்லை. நான்தான் மூன்று சைக்கிளில் முட்டியிருக்கிறேன், கேட்கிற காதோடு.

கார்பட் வந்தது. பள்ளம் போனது, அதிர்வு போனது, புழுதி போனது. லொறி இப்போது பட்டுத்துணியில் கத்தரிக்கோல் போவது போலப் போகிறது. மீன் லொறிக்குச் சந்தை அவசரம். காற்றுக் காலத்தில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களின் வான்களுக்குக் காற்று அவசரம். தலவில மாதா கோயில் திருவிழாக் காலத்தில் குறுக்கு வழி தேடி வருகிற வான்களுக்குப் புனித அவசரம். மோட்டார் சைக்கிள்களுக்கு ஒரு காரணமும் இல்லை, அவைதான் எல்லாவற்றையும் விட வேகம்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிற நானா, தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். கடை வாசலில் நின்று ஒரு வானுக்கு வழி விட்டபடி சொன்னார்: "தம்பி, நான் இந்த ஊருக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல. இன்னும் என்ன 'வந்த ஆள்' எண்டுதான் சொல்றாங்க. இந்தக் கார்பட் நேத்து வந்திச்சு. எல்லாரும் ஒதுங்கி நிண்டு வழி விடுறாங்க பாத்தீங்களா."

நான் சிரித்தேன். அப்போது சிரிக்கக் கூடியதாக இருந்தது.

ஒரு மத்தியானம் எஞ்சினுக்குப் பிளக் கழற்றிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் அக்கா கறிச்சட்டியோடு றோட்டின் நடுவில். வாடிப் பக்கமிருந்து மீன் லொறி. ஹோர்ன் அடிக்கிறான், அடிக்கிறான், ஊரே எழும்பி வருகிறது, அக்கா மட்டும் சட்டியின் மூடி சரிகிறதென்று அதைச் சரிசெய்துகொண்டு நடக்கிறாள். நான் ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு செருப்பு கொட்டிலிலும் மற்றச் செருப்பு கேற்றடியிலும் நின்றுவிட, கையில் பிளக் சாவியோடு போய்ப் றோட்டோரத்தில் மழைத்தண்ணீர் ஓடப் புதிதாகக் கட்டிய கானுக்குள் விழுந்தேன். லொறி டயர் கத்திக்கொண்டு வந்து நின்றது. அக்காவின் பாவாடை லொறியின் காற்றில் ஆடுவது கானுக்குள்ளிருந்து எனக்குத் தெரிந்தது. அவ்வளவு கிட்ட.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்ன, காது செவிடா?" என்றான்.

"ஓம்" என்றேன், கானுக்குள்ளிருந்து.

பாவம், வாழ்நாள் முழுக்க எத்தனை பேரை அப்படி ஏசியிருப்பான். முதல் தடவையாகச் சரியான ஆளை ஏசிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் போய்விட்டான். அக்கா என்னைக் கானுக்குள் பார்த்துவிட்டு, சட்டியைக் கீழே வைத்து, விரல்களை மீன் போலத் துடிக்க விட்டு, கையை விரித்தாள். என்ன நடந்தது என்று என்னைக் கேட்கிறாள்.

அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. மத்தியானம் நெருங்கினால் கொட்டில் வாசலுக்கே வந்து நின்றுவிடுவேன். கையைப் பிடித்துக் கூட்டிவரப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டு, கண்ணைக் காட்டி, காலைக் காட்டி, இரண்டும் இருக்கிறது, உனக்கு என்ன வந்தது என்றாள். றோட்டின் நடுவில் நின்று சண்டை பிடித்தோம், அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. பிறகு ஒரு விசில் வாங்கி வந்தேன். மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது ஆருக்கு ஊதப் போறீங்க?" என்று கேட்ட பிறகுதான் நான் யாருக்கு ஊத நினைத்தேன் என்பது எனக்கே விளங்கியது. விசிலை அலுமாரிக்குள் வைத்தேன். அடுத்த நாள் போட்டில் கட்டுகிற சிவப்புக் கொடியோடு றோட்டோரத்தில் நின்றேன். லொறிக்காரர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள், ஏதோ திருவிழா என்று நினைத்திருப்பார்கள். ஒரே ஒரு வான் நின்றது. தலவிலவுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

கடைசியில் கயிறுதான் கைகொடுத்தது. வாடைக் காற்றுக் காலத்தில் கடல் ஒதுக்கிவிட்ட கப்பல் கயிறு, என் தொடைப் பருமன். வாடியில் போட் இழுக்கிறவர்கள் காலுக்குக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டேன், தந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்ததும், நானும் நானாவும் இன்னும் கொஞ்சப் பேரும் அதை அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நேராகக் குறுக்கே போட்டு, இரும்பு ஆப்பு அடித்து இறுக்கினோம். நானா கடையிலிருந்து சோடா கொண்டுவந்து கொடுத்தார். முதல் லொறி வந்தது. கயிற்றைக் கண்டு வேகத்தைக் குறைத்து, ஏறி, இறங்கியது. தொம்.

அக்கா அவளுடைய கேற்றடியில் வெறுங்காலோடு நின்றாள். முகம் மலர்ந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் அப்படி எழுதுகிற ஆள் இல்லை. அவள் தன் காலைக் காட்டினாள். பிறகு தன் காதைக் காட்டினாள். பிறகு கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு, ராணி மாதிரி, கயிற்றின் ஓரமாக றோட்டைக் கடந்து வந்தாள். நான் கொட்டிலுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினேன். சளி.

மழை வரும் வரைக்கும் நன்றாகத்தான் போனது. நனைந்த கயிறு பாசி பிடித்த கல் மாதிரி என்று கடலில் போகிற எந்த ஊருக்கும் தெரியும். தெரிந்தும் நாங்கள் அதைத் தெருவில் போட்டு வைத்திருந்தோம். மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று அதில் வழுக்கி, ஓட்டியவன் கை முறிந்தது. மீன் றோட்டெல்லாம் சிதறியது. அவன் வேற்றூர்க்காரனில்லை, எங்கள் ஊரான்தான். கயிறு இழுக்கும்போது அவனும் ஒரு கை கொடுத்தவன். கட்டுப்போட்ட கையோடு என்னைப் பார்த்து, "பரவாயில்ல அண்ணன், வேகத்தடை வேல செய்யுது" என்றான். அவன் என்னைவிடப் பெரிய பகிடிக்காரன்.

முறைப்பாடு போனது. பிரதேச சபையிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்து கயிற்றை அறுத்து வண்டியில் ஏற்றச் சொன்னார். நல்ல மனிதர், சிங்களவர், நிதானமான தமிழில் பேசினார். "கயிறு போடக் கூடாது. நாங்க சரியான வேகத்தடை போட்டுத் தாறோம். மஞ்சள் கோடும் போடுவோம். ஆனா அந்த இடத்து வீட்டுக்காரங்க விருப்பம் சொல்லணும். எங்க போடுறது, சொல்லுங்க."

இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும். "இங்கதான் மாத்தயா, என்ட கேற்றுக்கு நேர" என்றேன்.

அப்போதுதான் மீன் தண்ணீர் பிரச்சினை வந்தது. மீன் லொறியில் ஐஸ் உருகி, இரத்தமும் செதிலும் கலந்த தண்ணீர் பின்பக்கம் எப்போதும் தளும்பிக்கொண்டிருக்கும். லொறி ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் அதில் ஒரு வாளி அந்த இடத்தில் ஊற்றும். கயிறு கிடந்த நாட்களில் அங்கே எழும்பிய நாற்றத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, கயிறு எப்படியும் போகப் போகிறது என்ற பொறுமை. இது சீமெந்தும் தாரும், காலாகாலத்துக்கும் இருக்கப் போவது. வேகத்தடை வேண்டுமா என்று கேட்டால் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். எந்த வாசலில் என்று கேட்டால் எல்லாக் கையும் அடுத்த வீட்டைக் காட்டியது.

நானா என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். "தம்பி, ஒங்களுக்கு நான் எதுவும் செய்வன். அக்கா எனக்கும் அக்காதான். ஆனா என்ட கடையில பாண் இருக்கு, சீனி இருக்கு. வாசல்ல மீன் ரத்தம் ஊத்தினா ஆரு வந்து பாண் வாங்குவாங்க? கொஞ்சம் அங்கால தள்ளிப் போடச் சொல்லுங்க."

"எங்கால நானா?"

"கொஞ்சம் அங்கால."

அங்கால வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் அங்கால என்றார். அதற்கு அடுத்தவர் வீட்டில் கல்யாணம் வரப் போகிறது. அதற்கு அடுத்தவருக்கு மூச்சுவருத்தம். அங்கால அங்கால என்று வேகத்தடை எங்கள் கண் முன்னாலேயே றோட்டில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. பயம் வந்தால் நான் பகிடி விடுகிறவன். அதை நிறுத்துகிற மருந்து இன்னும் கிடைக்கவில்லை. "அப்ப சவக்காலைக்கு முன்னால போடுங்க மாத்தயா. அங்க இருக்கிற ஆக்கள் மூக்கப் பொத்த மாட்டாங்க" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உத்தியோகத்தர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி, ஊர் முடிகிற இடத்தில், வளைவுக்கு அங்கால் வெள்ளைச் சிலுவைகள் தெரிகிற எங்கள் சவக்காலையைப் பார்த்தார். அங்கே இரண்டு பக்கமும் வீடு இல்லை. விருப்பம் சொல்ல வேண்டியவர்களும் இல்லை. "அது நல்ல யோசனை" என்றார்.

பகிடி என்று சொன்னேன். ஓம், ஓம் என்றார். அப்புறம் போய் சபைக் கந்தோரிலும் சொன்னேன். ஊரே ஒத்துக்கொண்ட ஒரே இடம் அதுதான் என்றார்கள். அது பொய்யுமில்லை.

அழகாகத்தான் போட்டார்கள். குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் சாய்வு, மேலே வெள்ளைப் பட்டை, பக்கத்தில் மஞ்சள் கோடு, மூன்று மொழியில் மெதுவாகச் செல்லச் சொல்லிப் பலகை, தலைக்கு மேலே ஒரு லைட். எங்கள் ஊரில் செத்தவர்கள் இப்போது மிகப் பாதுகாப்பாக றோட்டைக் கடக்கலாம். லொறிகள் அங்கே மரியாதையாக நின்று, ஏறி, இறங்கி, ஒரு வாளி ஊற்றிவிட்டு, விட்ட நேரத்தைப் பிடிக்க ஆக்ஸிலேட்டரை மிதிக்கின்றன. அந்த மிதி உச்சத்துக்கு வருகிற இடம் என் வீட்டு வாசல்.

அக்கா கொஞ்ச நாள் கேற்றடியில் நின்று பார்த்தாள். காலை வைப்பாள், ஒன்றும் வராது. பின்னால் நகர்வாள். எப்படியோ அந்த மேட்டைப் பற்றி விளங்கிக்கொண்டாள். ஒரு மத்தியானம் அவளைக் காணவில்லை என்று நான் வழக்கம் போல றோட்டையே பார்த்துக்கொண்டு நிற்க, எங்கள் பக்கத்து றோட்டோரமாகச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தாள். அவளுடைய வாசலிலிருந்து எங்கள் வாசலுக்கு வர, சவக்காலை வரை போய், கடந்து, திரும்பி வந்திருக்கிறாள். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கறி ஆறிப்போயிருந்தது. நாடகம் பாதி முடிந்திருந்தது.

"நான் உன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்" என்று கையால் சொன்னேன். விரல்களைத் துடிக்க விட்டு, ஹாண்டிலைப் பிடிப்பது போலக் காட்டி, கானுக்குள் விழுந்தும் காட்டினாள். மனைவி சிரித்தாள். அதுதான் அவர்கள் இரண்டு பேரும் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது என்று இப்போது நினைக்கிறேன். இல்லாமலும் இருக்கலாம். நான் எதையும் கூட்டித்தான் நினைக்கிறவன்.

கால் வீங்கத் தொடங்கியது. தினம் வந்தவள் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தாள், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். பிறகு ஞாயிறும் போய்விட்டது. இப்போது நான்தான் மத்தியானத்தில் கடந்து போய்ச் சோற்றைக் கொடுத்துவிட்டு வருகிறேன். நான் கடப்பதைப் பார்க்க நானா கடை வாசலுக்கு வந்துவிடுவார். "போங்க தம்பி, இப்ப போங்க. இல்ல, இருங்க. இப்ப" என்பார். தன்னால் முடிந்ததை அவர் செய்கிறார். ரீவியை அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். மூன்று நாள் கழித்து அதன் மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். கொண்டையைக் காட்டி, பக்கத்து வெறும் கதிரையைக் காட்டினாள். மனைவிக்கும் இந்த றோட்டு பயம், அது என்னிடமிருந்து தொற்றியதாக இருக்கும்.

போன மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு சாவு. சவக்காலையில் மண் போட்டுவிட்டு வரும்போது அக்கா சனத்தோடு சேர்ந்து அந்த மஞ்சள் கோட்டில் கடந்து இந்தப் பக்கம் வந்தாள். எங்கள் வீட்டில் சாப்பிட்டாள், ரீவி இருந்த இடத்து வெறும் மேசைக்கு முன்னால் மனைவியோடு உட்கார்ந்து கைக்கதை பேசினாள். வெயில் இறங்கியதும் நான் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் சவக்காலைக்கு நடந்தேன். எதிர் வீட்டுக்குப் போக.

மேட்டடியில் அவள் செருப்பைக் கழற்றி, காலை வைத்து, கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து வளைவில் லொறி வந்தது. ஏறியது, இறங்கியது, எங்கள் இரண்டு பேருடைய காலிலும் மீன் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனது. அக்கா காலை உதறிக்கொண்டு கடந்தாள். கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், திரும்பி வரும்போது நீ தனியாகக் கடக்க வேண்டும், உனக்குப் பயம் என்றாள்.

அதனால் அவள் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக, நடுவில் கார்பட் இருக்க, வீடு வரை நடந்தோம். அவள் காலை இழுத்து இழுத்து நடந்தாள், நான் அதற்கு ஏற்ற மாதிரி நடந்தேன். இடையில் வண்டிகள் போயின. ஒவ்வொன்று போகும்போதும் அவள் மறைந்து, மறுபடி தெரிந்தாள். அவளுடைய கேற்றடியில் நின்று என்னைப் பார்த்தாள். நெஞ்சுக்கு முன்னால் ஐந்து விரலையும் துடிக்க விட்டாள். பிறகு அதே கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கினாள். இரு, அங்கேயே இரு என்று அர்த்தம்.

ஒரு வான் போனது. அது போன பிறகு பார்த்தேன், கேற் சாத்தியிருந்தது.